புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கிற தடுப்பில்) 200 கோழிக்குஞ்சுக்கு 52 போய்விட்டது, காரணமே புரியவில்லை (ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை, பெரியபட்டினம் பக்கம்)

பனங்காட்டுக்குஞ்சு | ஜூன் 13, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். போன டிசம்பரில் 100 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு விட்டு 94 தேற்றினேன். அந்தத் தைரியத்தில் இந்த முறை 200 வாங்கினேன். ஜூன் 6 சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கின. தேதிவாரியாகச் செத்த கணக்கு இது: 7ஆம் தேதி 2, 8இல் 1, 9இல் 6, 10இல் 11, 11இல் 4, 12இல் 13, இன்று 15.

ஓலைக் கொட்டகை, தகரத் தடுப்பு வட்டமாக ஐந்தடி, 100 வாட்ஸ் குண்டு பல்பு இரண்டு. கீழே உமி. கடைத் தீவனம்தான். தண்ணீரில் சத்துக்காகக் குளுக்கோஸ் பவுடர் கலந்து கொடுக்கிறேன். எச்சம் தண்ணீர் மாதிரி போகிறது. சாகிற குஞ்சு வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது, தள்ளாடி மல்லாக்க விழுகிறது. சவலைக் குஞ்சு செத்தால் பரவாயில்லை, நன்றாகத் தின்று கொழுகொழுவென்று இருப்பதுதான் முதலில் போகிறது. அதுதான் மனசு ஆறவில்லை. என்ன மருந்து போடலாம்?

உமிமூட்டை | ஜூன் 13, இரவு 10.15

வெள்ளைக்கழிச்சல்தான் தம்பி. தடுப்பூசி போட்டீர்களா? உடனே ஆன்டிபயாடிக் ஐந்து நாள் கொடுங்கள். என்னிடம் ஒரு பாட்டில் இருக்கிறது, ராமநாதபுரம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

பழைய_கம்பவுண்டர் | ஜூன் 13, இரவு 10.40

உமிமூட்டை அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய், அதற்கு ஆன்டிபயாடிக் கேட்காது. அதோடு, வந்து மூன்றாம் நாளிலேயே இப்படிக் கொத்தாகச் சாவது அதன் குணமும் இல்லை.

தம்பி, முதல் வாரச் சாவுக்கு நான் வரிசையாகப் பார்ப்பது இதுதான். தொப்புள் சரியாக மூடாமல் கிருமி ஏறி வயிற்றுக்குள் மஞ்சள் கரு அழுகியிருந்தால் வயிறு உப்பி, தொப்புள் ஈரமாகக் கருத்து, நாற்றம் அடிக்கும். பொரிப்பகத்திலேயே ஏற்படுகிற கோளாறு அது, அநேகமாக முதல் நாலைந்து நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் குறையும். உங்கள் கணக்கு தலைகீழாக ஏறிக்கொண்டே போகிறது. உமியில் பூஞ்சை இருந்தால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், ஆனால் பொதுவாக இப்படித் தண்ணீராகக் கழியாது. ரத்தக்கழிச்சலுக்கு இன்னும் வயது வரவில்லை, அது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தை ஒட்டித்தான் வரும்.

இப்போதே டார்ச் எடுத்துக்கொண்டு போய், பல்பு எரியும்போது குஞ்சுகள் எப்படிப் படுத்திருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றனவா, தகரத்தை ஒட்டி விலகி நிற்கின்றனவா, இல்லை ஒரே பக்கமாக ஒதுங்கியிருக்கின்றனவா?

பனங்காட்டுக்குஞ்சு | ஜூன் 13, இரவு 11.20

பார்த்தேன் ஐயா. கிழக்குப் பக்கமாக ஒதுங்கியிருக்கின்றன. ஆனால் ஒரு கூட்டம் தண்ணீர் டப்பாவைச் சுற்றியே நிற்கிறது, இந்த ராத்திரியிலும் குடித்துக்கொண்டே இருக்கின்றன. மூன்று லிட்டர் டப்பா இரண்டு. காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் காலி.

சாயல்குடி_பனை | ஜூன் 14, காலை 5.45

கிழக்கே ஒதுங்கினால் மேற்கேயிருந்து கச்சான் காற்று புகுகிறது என்று அர்த்தம். ஆனி பிறக்கிற நேரம், கச்சான் சும்மா விடுமா? மேற்குப் பக்கம் குஞ்சு உயரத்துக்குச் சாக்கு கட்டுங்கள், மேலே திறந்தே இருக்கட்டும். கரிமூட்டம் போட்ட மாதிரி முழுசாக அடைத்துவிடாதீர்கள்.

கரண்ட் போனால் என்ன செய்கிறீர்கள்? எங்கள் பக்கம் கருவேலங்கரியைச் சட்டியில் போட்டு உள்ளே வைப்பார்கள். போன வருஷம் என் மச்சான் அப்படி வைத்து, கொட்டகையைத் தார்ப்பாயால் இறுக்கி மூடிவிட்டான். விடிந்து பார்த்தால் 70 குஞ்சு, தூங்கின கோலத்திலேயே. கரிப்புகை கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. அறுத்துப் பார்த்தபோது ரத்தம் செக்கச்செவேலென்று இருந்தது.

பனங்காட்டுக்குஞ்சு | ஜூன் 14, காலை 6.30

9ஆம் தேதி ராத்திரி ஒரு தடவைதான் கரிச்சட்டி வைத்தேன் அண்ணே, மேலே திறந்துதான் இருந்தது. சாக்கு கட்டிவிட்டேன். இன்று காலை 9 போயிருக்கிறது.

பழைய_கம்பவுண்டர் | ஜூன் 14, காலை 6.50

காற்றும் குளிரும் பலவீனமான குஞ்சைத்தான் முதலில் எடுக்கும். இங்கே கொழுத்தது போகிறது. அதிகம் தின்கிறதும் அதிகம் குடிக்கிறதும் முதலில் சாகிறது என்றால், தின்பதிலோ குடிப்பதிலோதான் ஏதோ இருக்கிறது.

மூன்று கேள்வி. தண்ணீர் எங்கேயிருந்து? "குளுக்கோஸ் பவுடர்" என்றால் பாக்கெட் மேல் என்ன எழுதியிருக்கிறது? கடைத் தீவனத்தோடு வேறு எதையும் சேர்த்தீர்களா? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

இன்று செத்ததில் புதிதாகச் செத்த மூன்று நாலு குஞ்சைப் பாலிதீன் பையில் போட்டு, மீன் கொண்டுபோகிற தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் மேல் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், உறைந்து போனால் உள்ளே ஒன்றும் தெரியாது. சாகப் போகிற நிலையில் இருக்கும் உயிர்க் குஞ்சு ஒன்றும் கூட இருந்தால் இன்னும் நல்லது. கடைசியாகக் கொடுத்த தீவனத்தில் ஒரு கைப்பிடி, தண்ணீரில் ஒரு பாட்டில். மாவட்டத்தில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, தேவைப்பட்டால் அங்கே அனுப்பிவைப்பார்கள்.

பனங்காட்டுக்குஞ்சு | ஜூன் 14, காலை 7.25

ஐயா, தண்ணீர் வீட்டுக் கிணறு. பாக்கெட் மெடிக்கல் ஷாப்பில் வாங்கின ஓஆர்எஸ். மூன்று லிட்டருக்கு ஒரு பாக்கெட், முதல் நாளிலிருந்து. சாவு கூடக்கூட 12ஆம் தேதியிலிருந்து அதையே ஒன்றரையாக ஏற்றினேன்.

தீவனத்தில்... 8ஆம் தேதி சாயங்காலத்திலிருந்து சங்காயத் தூள் கலக்கிறேன். எட்டுப் பங்கு தீவனத்துக்கு ஒரு பங்கு. தீவன மூட்டை விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. நம் கரையில் கிடைப்பதுதானே, புரதம் கூடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்.

கீழக்கரை_அடைக்கோழி | ஜூன் 14, காலை 7.40

சங்காயமா? அதை ஏன் தம்பி முதல் பதிவிலேயே சொல்லவில்லை? "கடைத் தீவனம்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே!

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வலையில் விழுகிற பொடிசு, நசுங்கினது, சாப்பாட்டுக்கு ஆகாத மீன் எல்லாம் சேர்ந்ததுதான் சங்காயம். கரையிலேயே மணலில் பரப்பிக் காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு மூட்டை மூட்டையாகப் போகும். கெட்டுப்போகாமல் இருக்க உப்பு தூவுகிறவர்களும் உண்டு. மூட்டைக்கு மூட்டை உப்பு மாறும். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

உமிமூட்டை | ஜூன் 14, காலை 8.05

இதென்ன லாத்தா, எங்கள் ஊரில் கோழியெல்லாம் கருவாடு காயப்போட்ட பாயிலேயேதான் மேய்கிறது. ஒன்றும் சாகவில்லையே? உப்புதான் காரணம் என்றால் மண்டபம் பாம்பன் பக்கம் ஒரு கோழி மிஞ்சாது.

பழைய_கம்பவுண்டர் | ஜூன் 14, காலை 8.30

நல்ல கேள்வி அண்ணே. பாயில் மேய்கிற கோழி வளர்ந்தது. அதன் சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளும். நாலு கொத்துக் கொத்திவிட்டுப் போய்க் குழாயடியில் நல்ல தண்ணீர் குடித்துக்கொள்ளும். ஒரு வாரக் குஞ்சுக்குச் சிறுநீரகம் இன்னும் தேறவில்லை, தடுப்புக்குள் அடைத்துவிட்டதால் வேறு தண்ணீரும் கிடையாது. தாகம் எடுக்கிறது என்று மறுபடியும் அதே உப்புத் தண்ணீரைக் குடிக்கிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். குஞ்சு ஒரு நாளைக்கு 6 கிராம் தின்கிறது என்று வையுங்கள். கடைத் தீவனத்தில் சுமார் 0.35 சதவீதம் உப்பு இருந்தால் 21 மில்லிகிராம். அதற்குத் தேவையான அளவே அவ்வளவுதான். ஒன்பதில் ஒரு பங்கு சங்காயம், அதில் ஒரு பேச்சுக்கு 12 சதவீதம் உப்பு என்றால் கிட்டத்தட்ட 80 மில்லிகிராம் கூடுகிறது. அதற்கு மேல் ஓஆர்எஸ். மனிதர்களுக்கான பாக்கெட் ஒன்றில் 20.5 கிராம் பொடி, அதில் 13.5 கிராம்தான் குளுக்கோஸ், மிச்சம் 7 கிராமும் உப்பு வகைகள். 2.6 கிராம் சாதாரண சமையல் உப்பு. வயிற்றுப்போக்கில் உப்பை இழந்த மனிதனுக்கு அது மருந்து. இந்தக் குஞ்சுக்கு அப்படி இல்லை.

கிணற்றுத் தண்ணீரின் உப்பை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவே இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் யாரிடமாவது இருக்கிறதா?

சாயல்குடி_பனை | ஜூன் 14, காலை 9.00

ஆர்ஓ வாட்டர் கேன் போடுகிற பையனிடம் இருக்கும். சட்டைப்பையில் பேனா மாதிரி செருகியிருப்பான்.

பனங்காட்டுக்குஞ்சு | ஜூன் 14, இரவு 8.10

கேன் பையனைப் பிடித்து அளந்தேன். கிணறு 3,900 (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு). டப்பாவில் கலந்து வைத்திருந்த தண்ணீர் 7,000க்குப் பக்கம். பையனே முழித்தான். காவிரிக் குழாய்த் தண்ணீர் 420.

இன்னொன்று. 10ஆம் தேதி சாயங்காலம் காவிரித் தண்ணீர் வந்தது. இரண்டு குடம் பிடித்து மறுநாள் முழுக்க அதைத்தான் ஊற்றினேன், அவசரத்தில் பாக்கெட்டும் கலக்கவில்லை. 11ஆம் தேதிக் கணக்கைப் பாருங்கள். நாலுதான். நான் அதைத் தற்செயல் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா நாலு குஞ்சை அறுத்துக் காட்டினார்கள். பிளேடு பட்டதும் வயிற்றிலிருந்து தெளிந்த மஞ்சள் தண்ணீர் வழிந்தது, அரைக் கரண்டி இருக்கும். நுரையீரல் ஊறிப்போன பஞ்சு மாதிரி. முதுகோடு ஒட்டியிருக்கிற சிறுநீரகம் வீங்கி, மேலே சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. தொப்புள் நாலிலும் சுத்தம். ஒன்றில் மட்டும் பட்டாணி அளவுக்கு மஞ்சள் கரு மிச்சம். அது கணக்கில் வராது என்றார்கள். "உப்பு அதிகமாகிவிட்டது, தண்ணீர் கோத்திருக்கிறது. மருந்து எதுவும் எழுதித்தர மாட்டேன், முதலில் தண்ணீரை மாற்றுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

டிசம்பரிலும் இதே கிணறுதானே ஐயா? அப்போது ஏன் ஒன்றும் ஆகவில்லை?

சாயல்குடி_பனை | ஜூன் 14, இரவு 8.45

இதற்கு நான் சொல்கிறேன். நம் கரையில் நல்ல தண்ணீர் என்பது மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் மேல் ஏடு மாதிரி மிதப்பதுதான். டிசம்பரில் மழை முடிந்த கையோடு அந்த ஏடு கனமாக இருந்திருக்கும். ஆனியில் மெலிந்துவிடும். அதில் மோட்டார் போட்டு இழுத்தால் அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறும். பாட்டிமார் கடற்கரையில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியில் மெல்ல மெல்ல மொண்டு குடம் நிரப்பினது சும்மா இல்லை. அவசரப்பட்டு இறைத்தால் கரிக்கும்.

தம்பி, கிணற்றில் மோட்டார் எப்போது போட்டீர்கள்?

பனங்காட்டுக்குஞ்சு | ஜூன் 14, இரவு 8.50

மாசியில் போட்டேன் அண்ணே. தென்னைக்கு.

பழைய_கம்பவுண்டர் | ஜூன் 14, இரவு 9.15

சரி, இனி செய்ய வேண்டியது. ஓஆர்எஸ், சங்காயம் இரண்டையும் இந்த நிமிஷமே நிறுத்துங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். பொதுவாகக் கோழிக்கு 1,000க்குள் இருந்தால் நல்ல தண்ணீர், 3,000 வரை எச்சம் இளகினாலும் சமாளிக்கும், அதைத் தாண்டினால் ஆகாது என்பார்கள். குஞ்சுக்கு நான் 1,000க்கு மேல் போக மாட்டேன். காவிரியோ கேன் தண்ணீரோ கொடுங்கள். ஆனால் இவ்வளவு உப்பு ஏறின குஞ்சு நல்ல தண்ணீரைக் கண்டதும் ஒரே மூச்சில் குடித்தால் மூளையில் நீர் ஏறி விழுந்துவிடும். அதனால் முதல் நாள் மட்டும் கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிஷத்தில் டப்பாவை எடுத்து, அரைமணி கழித்து மறுபடி. தூக்கம் கெடும், வேறு வழி இல்லை. நாளையிலிருந்து டப்பா நிரந்தரமாக இருக்கட்டும்.

நனைந்த உமியை அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி. முட்டைக்கோழித் தீவனம் வீட்டில் இருந்தாலும் இதற்குப் போடாதீர்கள், அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து இந்தச் சிறுநீரகத்தை முடித்துவிடும். வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் போடுகிற சொட்டு மருந்தை மூன்று நாலு நாள் தள்ளலாமா என்று டாக்டரம்மாவிடம் கேளுங்கள். நோயில் இருக்கிற குஞ்சுக்குத் தடுப்பு மருந்து சரியாகப் பிடிக்காது.

உமிமூட்டை | ஜூன் 14, இரவு 9.30

நானும் எங்கள் போர் தண்ணீரை அளந்து பார்க்கப் போகிறேன். அந்த ஆன்டிபயாடிக் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டேன்.

பனங்காட்டுக்குஞ்சு | ஜூன் 17, காலை 6.20

15ஆம் தேதி 3, நேற்று 2, இன்றும் 2. எச்சம் கெட்டிப்பட்டிருக்கிறது, டப்பா மதியம் தாண்டி மாலை வரை நிற்கிறது. ஆனால் முழுசாக நிற்க மாட்டேன் என்கிறதே? இன்று செத்த இரண்டுக்கும் வயிற்றில் தண்ணீர் இருந்தது, நானே அறுத்துப் பார்த்தேன். உமி மாற்றினாலும் விடியற்காலையில் தரை பிசுபிசுவென்று இருக்கிறது. டப்பா ஒழுகவில்லை, கூரையும் ஒழுகவில்லை.

கீழக்கரை_அடைக்கோழி | ஜூன் 17, காலை 6.45

உமிக்குக் கீழே என்ன போட்டிருக்கிறீர்கள்?

பனங்காட்டுக்குஞ்சு | ஜூன் 17, காலை 6.50

மணல் லாத்தா. உமி கம்மியாகத்தான் கிடைத்தது. கீழே மூன்று விரல் கனத்துக்கு மணல், மேலே உமி.

கீழக்கரை_அடைக்கோழி | ஜூன் 17, காலை 6.55

எந்த மணல்?

பனங்காட்டுக்குஞ்சு | ஜூன் 17, காலை 7.10

கடற்கரை மணல்தான்... வள்ளம் ஏற்றுகிற இடத்திலிருந்து அள்ளினது.

கீழக்கரை_அடைக்கோழி | ஜூன் 17, காலை 7.30

அல்லாவே. குஞ்சு கால் நிலத்தில் பட்டதிலிருந்து கிளறும். உமி விலகினதும் பளபளவென்று கிடக்கிற மணலைத்தான் கொத்தும், பொடிக்கல் தேடுகிற புத்தி அதற்குப் பிறவியிலேயே உண்டு. நீங்கள் தண்ணீரிலும் தீவனத்திலும் உப்பை நிறுத்திவிட்டுக் காலுக்கடியில் உப்பளம் போட்டு வைத்திருக்கிறீர்கள். ராத்திரி பிசுபிசுப்பதும் அதனால்தான், உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் கசிவதைப் பார்த்ததில்லையா?

சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் காவிரித் தண்ணீரில் ஒரு கைப்பிடி மணலைப் போட்டுக் கலக்கி, தெளிந்ததும் மீட்டரை வையுங்கள். நான் மணல் போடுவதாக இருந்தால் ஆற்றுமணல், இல்லையென்றால் மேட்டில் இரண்டு மூன்று மழை பார்த்த மணல்.

பனங்காட்டுக்குஞ்சு | ஜூன் 17, மாலை 6.40

420 இருந்தது 2,650 ஆயிற்று. வேறொன்றும் சொல்வதற்கில்லை. மதியமே குஞ்சையெல்லாம் மீன் கூடைக்கு மாற்றி, மணலைச் சுரண்டி எடுத்துவிட்டோம். மண் தரை மேல் பழைய சாக்கு, அதன் மேல் உமி இரண்டு அங்குலம். அம்மாவும் தங்கையும் கூட நின்றார்கள். தங்கைக்கு என் மேல் கோபம், "200 வாங்காதே, முதலில் 100 வாங்கு" என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

சாயல்குடி_பனை | ஜூன் 17, இரவு 7.15

தங்கச்சியை அடுத்த முறை கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

பனங்காட்டுக்குஞ்சு | ஜூன் 27, காலை 7.00

18ஆம் தேதி 1 போனது. அதற்கப்புறம் இன்றுவரை ஒன்றுகூட இல்லை. 131 நிற்கிறது. சொட்டு மருந்து 19ஆம் தேதி போட்டார்கள், கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்தும் ஆயிற்று. சிறகு முளைத்துத் தகரத்தின் விளிம்பில் ஏறி உட்காருகின்றன, பல்பை ராத்திரி மட்டும் போடுகிறேன்.

அடுத்தது லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து), தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொன்னார்கள். காவிரித் தண்ணீரிலேயே கலக்கலாமா?

பழைய_கம்பவுண்டர் | ஜூன் 27, காலை 7.40

நேரடியாக வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ், அதைக் கொன்றுவிடும். முந்தின நாளே அகலமான பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வையுங்கள். மறுநாள் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலக்கி, கொஞ்ச நேரம் விட்டு அப்புறம் மருந்து. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் தண்ணீர் டப்பாவை எடுத்துவிட்டால் எல்லாக் குஞ்சும் குடிக்கும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

உமிமூட்டை | ஜூன் 27, காலை 8.20

எங்கள் போர் 2,900 காட்டியது தம்பி. குஞ்சுக்கு இப்போது கேன் தண்ணீர்தான். அந்தச் சங்காய மூட்டை மிச்சம் இருக்கிறதா, என்ன செய்தீர்கள்?

பனங்காட்டுக்குஞ்சு | ஜூன் 27, காலை 8.35

தென்னை மூட்டில் புதைத்துவிட்டேன் அண்ணே. மணலையும் அங்கேதான் கொட்டினேன்.

சாயல்குடி_பனை | ஜூன் 27, காலை 8.50

தென்னைக்கு உப்பு பிடிக்கும், தாங்கும். மோட்டாரை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்.